யாருடைய அணி?

தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை ஒருவன் "என்னுடையது" என்று சொன்னால், அது பொருளாக இருப்பின் உலகம் அவனைக் கள்வன் என்னும். ஊராக இருப்பின் பற்றுள்ளவன் என்னும். அதுவே ஒரு கிரிக்கெட் அணியாக இருப்பின் என்ன சொல்வது? "எங்கள் அணி தோற்றுவிட்டது", "எங்கள் அணியில் அவனைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களே" என்று கண்டி நகரின் தேநீர்க் கடைகளிலும், பேருந்துக்குக் காத்து நிற்கும் இடங்களிலும் நொந்து பேசுகின்றவர்களுள் எவரும் அவ்வணியில் ஒரு சதமேனும் முதலிட்டவர் அல்லர். தெரிவுக் குழுவில் அவர்களுக்கு இடமில்லை. ஏலத்தில் அவர்களுக்குக் குரலில்லை. ஆயினும், அணித் தெரிவைக் கண்டு அவர்கள் கொள்ளும் கோபம், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு கொள்ளும் கோபமாகவே இருக்கின்றது.

இக்கோபத்துக்கு நியாயம் உண்டா? வேலையற்றவர்களின் வீண் பேச்சென்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. உரிமை என்பது பணத்தால் வருவதா, பிறப்பால் வருவதா, உழைப்பால் வருவதா என்ற பழைய வினாவே இங்கு விளையாட்டு உடை தரித்து வந்து நிற்கின்றது. மலைநாட்டில் வாழும் நாம் அவ்வினாவை வேறு இடங்களில் மிகுந்த வேதனையோடு சந்தித்தவர்கள். ஆதலின், அதனை இங்கும் ஒருமுறை நின்று நோக்குதல் தகும்.

முதலில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டில் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் லங்கா பிரீமியர் லீக் என்ற இருபது ஓவர்த் தொடரைத் தொடங்கியது. கொழும்பு, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம், கண்டி என்ற ஐந்து ஊர்களின் பெயரில் ஐந்து அணிகள் அமைக்கப்பட்டுத் தனியாருக்கு வழங்கப்பட்டன. கண்டி அணிக்கு முதலில் 'டஸ்கர்ஸ்' என்று பெயர். தந்தமுடைய யானை என்பது அதன் பொருள். எசல பெரஹராவின் ஊருக்கு அது பொருந்தாத பெயர் என்று சொல்வதற்கில்லை. ஆனால், அடுத்த ஆண்டிலேயே யானை மறைந்து 'வாரியர்ஸ்' வந்தது. 2022இல் 'ஃபால்கன்ஸ்'. 2023இல் விளம்பரதாரரின் பெயரைத் தலையில் சுமந்து 'பி-லவ் கண்டி'. 2024இல் மீண்டும் 'ஃபால்கன்ஸ்'. ஐந்து தொடர்களில் நான்கு பெயர்கள். பெயர் மாறியபோதெல்லாம் ஆடுவோரின் முகங்கள் பலவும் மாறின. மாறாமல் நின்றது 'கண்டி' என்ற ஒரு சொல் மட்டுமே.

முதலிரு தொடர்களிலும் ஐந்து அணிகளுள் நான்கு அடுத்த சுற்றுக்குச் சென்றன. செல்லாமல் நின்ற ஒன்று இரு முறையும் கண்டியே. நோய்த்தொற்றின் காரணமாக முதல் தொடர் முழுவதும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் எவருமின்றி நடந்தது. இரண்டாம் தொடர் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் நடந்தது. அதாவது, கண்டி என்ற பெயரைத் தாங்கிய அணி இரண்டு தொடர்களை கண்டி மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடாமலே முடித்துக்கொண்டது. அந்த முதலாண்டில் அணிக்குத் தலைமை தாங்கிய குசல் பெரேரா மேல்மாகாணத்தவர். கண்டித் திரித்துவக் கல்லூரியில் ஆடி வளர்ந்த நிரோஷன் டிக்வெல்லவோ அவ்வாண்டு தம்புள்ளைக்காகத் துடுப்பெடுத்தாடினார். நம்மூர்ப் பையன் அங்கே ஓட்டம் எடுக்கின்றான், நம்மூர்ப் பெயர் இங்கே தோற்கின்றது என்று அந்நாட்களில் பலர் வருந்தினர். வருத்தத்தின் வேர் இங்குதான் இருக்கின்றது.

அணி முதலாளியின் தரப்பு வாதம் எளிதானது. பணம் என்னுடையது, நட்டம் என்னுடையது, ஆதலால் தெரிவும் என்னுடையது. விரும்பினால் பாருங்கள், விரும்பாவிட்டால் வேறு வேலையைப் பாருங்கள். சந்தையின் நீதி இவ்வளவே. இதைவிட நுட்பமான வாதம் ஒன்றும் உண்டு. அதனை நல்லெண்ணம் உடையவர்களே கூறுகின்றனர். திறமை ஒன்றே அளவுகோலாக இருத்தல் வேண்டும், ஊர் பார்த்து ஆள் எடுப்பது சாதி பார்த்து ஆள் எடுப்பதற்கு அடுத்த வீடு என்பது அவ்வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆளைத் தெரிதல் பற்றி வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார்: தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். பாசத்தின் பேரால் தகுதியற்றவரைத் தேர்ந்தால் விளையும் கேடு அங்கே ஐயத்துக்கிடமின்றிச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆனால், அவ்விரண்டையும் அடுத்து வருகின்ற அதிகாரம் யாது? சுற்றந்தழால். ஆளைத் தகுதியால் தேர் என்று இருபது குறள்களில் கூறியவர், உடனே திரும்பி, உன்னைச் சார்ந்தோரைக் கைவிடாதே என்று பத்துக் குறள்களில் கூறுகின்றார். இவ்வைப்புமுறை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. தகுதியும் சுற்றமும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும், ஆள்பவன் அவ்விழுப்புக்கு நடுவிலேதான் நிற்கவேண்டும் என்பதையும் அறிந்தவரின் வைப்புமுறை அது.

முதலாளியின் வாதத்துக்கு மறுமொழி வேறொரு திசையிலிருந்து வருகின்றது. அவர் வாங்கியவற்றுள் ஒன்று அவருக்கு விற்றவருடையது அன்று. ஆட்டக்காரரின் உழைப்பை ஒப்பந்தத்தால் வாங்கலாம். மைதானத்தை வாடகைக்குப் பெறலாம். 'கண்டி' என்ற பெயரை எவர் விற்றார்? எவருக்கு அதனை விற்கும் அதிகாரம் இருந்தது? அணிக்கு 'முதலாளி பதினொருவர்' என்று பெயரிட்டால் ஓர் அரங்கும் நிரம்பாது. அரங்கை நிரப்புவது ஊரின் பெயர். அப்பெயருக்குள் இருக்கும் நினைவும் பெருமையும் இங்கு வாழ்ந்தோர் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்தவை. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லனோ?

இது வெறும் கற்பனையன்று. தேயிலையின் விடயத்தில் இந்நாடே இக்கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை ஒரு பொதியில் அச்சிட வேண்டுமானால், உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருத்தல் வேண்டும். அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருத்தலும் வேண்டும். வேறு நாட்டு இலையைக் கலந்து விற்பவன் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அவ்விலச்சினை அவனுக்குக் கிடையாது. ஒரு பொதித் தேயிலைக்குள்ள மானம் ஓர் ஊருக்கு இல்லையா என்று இரசிகர் கேட்டால், அக்கேள்வியைச் சிரித்துத் தள்ளுதல் கடினம்.

ஆனால், இவ்வொப்பீட்டை இன்னும் சிறிது தூரம் கொண்டு சென்றால் அது நம்மையே திருப்பிக் கேட்கும். கண்டிப் பெயருள்ள அணியில் கண்டியில் பிறந்தவர்களே ஆட வேண்டும் என்று நாம் சொல்லப் போகின்றோமா? மனிதன் தேயிலை இலையல்லன். அன்றியும், அந்தத் தேயிலைதான் இம்மண்ணில் பிறந்ததா? லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையைப் பயிரிட்டபோது செடியும் வெளியிலிருந்து வந்தது. நட்டவரும் வெளியிலிருந்து வந்தார். கொய்யும் கைகளும் கடல் கடந்தே வந்தன. இரண்டாயிரம் அடிக்கும் நாலாயிரம் அடிக்கும் இடைப்பட்ட இம்மலைகளின் மழையும் மண்ணும், அவற்றின்மேல் சிந்திய வியர்வையுமே அதனைக் கண்டித் தேயிலை ஆக்கின. எங்கே தோன்றியது என்பதைவிட எங்கே உருவாயிற்று என்பதே இங்கு பெரிது.

பிறப்பை அளவுகோலாகக் கொண்டு பட்டியல் தயாரித்தால் என்ன நிகழும் என்பதை மலையகத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், உன் தந்தை எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டு, ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கூடி 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கூறுபோட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. பின்னர் 1974இல் அவ்வெஞ்சியவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். அத்தெரிவில் தெரியப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளையாட்டு அணியின் பட்டியலோடு இதனை ஒப்பிடுதல் மிகை என்று சிலர் சொல்லலாம். துன்பத்தின் அளவில் அது மிகையே. ஒப்பிடுவது என் நோக்கமுமன்று. பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "நம்மவன் யார்" என்று தீர்மானிக்கும் பழக்கத்துக்கு மைதானத்தில் ஓர் ஆசனம் போட்டுக்கொடுத்தால், அது அங்கேயே அமர்ந்திராது என்பதே நான் கூற விரும்புவது.

அது மைதானத்துக்குள் நுழைந்த நாளொன்றும் உண்டு. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920 அளவில் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக இங்கு வந்தவர்; பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பிவிட்டார்; தந்தையார் இங்கேயே தங்கினார். 2008ஆம் ஆண்டில் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை அணி முரளிதரனை 6 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலத்தில் எடுத்தது. பாட்டனின் நாட்டு மக்கள் பேரனுக்குக் கைதட்டினர். 2010இல் சென்னை வெற்றிக் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டு ஓர் அணி நான்கு பேரை மட்டுமே தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற விதிப்படி, சென்னை வேறு நால்வரை வைத்துக்கொண்டு முரளிதரனை ஏலத்துக்கு விட்டது. கொச்சி அணி 11 இலட்சம் டொலர் கொடுத்தது. ஓராண்டில் கொச்சி அணியே கலைந்தது. 2012இல் பெங்களூர் 2 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு எடுத்தது. இதுவரை எல்லாம் சந்தையின் கணக்கு. 2013இல் நிகழ்ந்தது வேறு கணக்கு. ஈழப்போரின் இறுதி நாட்களில் நிகழ்ந்தவை பற்றிய கொதிப்பு தமிழகமெங்கும் எழுந்திருந்த வேளை அது. அக்கொதிப்பு நியாயமானது. ஆனால், இலங்கையர் எவரும் ஆடாவிட்டால் மட்டுமே சென்னையில் ஆட்டம் நடக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. போட்டியை நடத்துவோரும் இணங்கினர். ஆகவே, பெங்களூர் அணி சென்னைக்குச் சென்றபோது முரளிதரன் ஆடவில்லை. ஐதராபாத் அணி சென்றபோது அதன் தலைவர் குமார் சங்கக்கார ஆடவில்லை. ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். மற்றவர் திரித்துவக் கல்லூரியில் படித்தவர். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். கண்டியில் உருவான இருவரையும் ஒரே கோடு தடுத்து நிறுத்தியது. தமிழருக்காக வரையப்பட்ட கோடு தமிழரையே வெளியே நிறுத்தியது. பிறப்பை வைத்து வரையும் கோடு எப்பொழுதும் இத்தகைய விளையாட்டை ஆடும்.

அவ்வாறாயின், பணமும் உரிமை தராது, பிறப்பும் உரிமை தராது என்றால், இரசிகர் எதைப் பற்றிக்கொண்டு நிற்பது? ஸ்பெயின் நாட்டு பில்பாவோ நகரின் காற்பந்துக் கழகத்தை இங்கு நினைவுகூரலாம். பாஸ்க் மக்களைக் கொண்டே அணி அமைப்பது என்ற கொள்கையை அக்கழகம் நூறாண்டுக்கு மேலாகக் காத்து வருகின்றது. அப்படியிருந்தும் அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியிலிருந்து ஒருமுறையும் கீழிறக்கப்படவில்லை. கேட்ட மாத்திரத்தில் இது பிறப்பைப் போற்றும் கொள்கையாகவே தோன்றும். ஆனால், காலப்போக்கில் அவர்கள் பாஸ்க் நாட்டில் பிறந்தவர் என்பதோடு, அங்கே பயின்று உருவானவர் என்பதையும் ஏற்றுக்கொண்டனர். கானா நாட்டிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வந்த ஏழைப் பெற்றோருக்குப் பில்பாவோவில் பிறந்த இனாக்கி வில்லியம்ஸ் இன்று அக்கழகத்தின் பெருமைக்குரிய ஆட்டக்காரர். அந்தக் கதவு திறந்தபடியால்தான் அக்கொள்கை அழுகிப் போகாமல் நிற்கின்றது என்பது என் எண்ணம்.

நம்மூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டி விளையாட்டுக் கழகத்தின் றக்பி அணிக்கு வெளியூர்ப் பாடசாலைகளில் பயின்ற வீரர் பலர் வந்து ஆடியிருக்கின்றனர். அவர்களைப் பார்த்து எவரும் நீ எந்த ஊர் என்று முகஞ்சுளித்ததில்லை. கழகம் நித்தவெலையில் ஆண்டு முழுவதும் வாழ்கின்றது. அங்கே வருபவன் நம்மோடு மழையில் நனைகின்றான். அவன் ஆடுவதைப் பார்த்துச் சிறுவன் ஒருவன் பயிற்சிக்குச் செல்கின்றான். தொடர் தொடங்கும்போது வந்திறங்கித் தொடர் முடிந்தவுடன் பெட்டியைக் கட்டும் அணிக்கு இவையெல்லாம் இல்லை. ஆகவே, வெளியூரவன் என்பதற்காக இரசிகர் கோபிப்பதில்லை. வந்தவன் இங்கு எதையும் விட்டுச் செல்வதுமில்லை, இங்குள்ளவனுக்கு வழி விடுவதுமில்லை என்பதற்காகவே கோபிக்கின்றனர்.

வழி என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், நாள்தோறும் நான் காண்பது அதுதான். "முரளிதரன் வரவில்லையா? மலையகத் தமிழன் உலகில் முதல்வனாகவில்லையா? திறமை இருந்தால் எவனும் வரலாம்" என்று மேடையேறிப் பேசுவோர் இருக்கின்றனர். 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். 2007 டிசம்பரில் ஷேன் வோர்னின் எண்ணிக்கையைக் கடந்த 709ஆவது விக்கெட்டை வீழ்த்திய இடம் நம் அஸ்கிரிய மைதானம். அதனை எண்ணி நானும் பெருமை கொள்கின்றேன். ஆனால், முரளிதரன் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவரின் மகன். நல்ல மைதானமும் பயிற்சியாளரும் உள்ள கல்லூரியில் பயின்றார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனைச் சுழற்பந்துக்குத் திருப்பிவிட அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். லயத்து அறையில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அத்தகைய ஒருவர் எங்கே? மலைச்சரிவில் கிடைத்த சிறு தளத்தில், மென்பந்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடுகின்றனர். பந்து தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தால் ஆட்டம் அரைமணி நேரம் நிற்கும். தோற்பந்தும் கால்காப்பும் கையுறையும் வாங்கும் செலவு தாயின் பல நாட்கூலி. ஒரு முரளிதரனைக் காட்டிக் கதவு திறந்திருக்கின்றது என்பது, ஒரு சன்னலைக் காட்டிக் கதவு என்பதை ஒக்கும்.

அவரும்கூட முதல்தர ஆட்டம் ஆடுவதற்குக் கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகத்துக்குத்தான் சென்றார். சங்கக்காரவும் கொழும்புக் கழகத்திலேயே ஆடினார். கண்டியின் பாடசாலைகள் விளைவிக்கும். கொழும்பின் கழகங்கள் அறுவடை செய்யும். பெரிய கழகங்களும், பணமும், தெரிவாளரின் கண்ணும் ஒரே நகரில் குவிந்திருக்கும் நாட்டில், மற்றைய ஊர்களுக்கு எஞ்சுவது பழைய மாணவர் பட்டியலில் ஒரு பெயரும், சுவரில் ஒரு படமும்தான். 2020இல் ஊர்ப்பெயர் அணிகள் வந்தபோது இம்முறை மாறும் என்று நம்பியவர்களுள் நானும் ஒருவன். ஊரின் பெயர் வந்தது. ஊருக்கு வழி வரவில்லை.

பணக்குறைவுள்ள ஊரின் அணி என்ன செய்ய முடியும், நல்ல ஆட்டக்காரரை விலைகொடுத்து வாங்க இயலாதபோது தோற்கத்தானே வேண்டும் என்று இரக்கத்தோடு கேட்போருக்கு, அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்துக் கதையைச் சொல்லலாம். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற ஆட்டம். ஓக்லண்ட் ஒரு துறைமுகத் தொழிலாளர் நகரம். வளைகுடாவின் மறுகரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவின் செழிப்பு அதற்கில்லை. 2002ஆம் ஆண்டில் அந்நகரத்து அணி ஆட்டக்காரருக்குக் கொடுத்த சம்பளம் ஏறத்தாழ 4 கோடி டொலர். நியூயோர்க் யாங்கீஸ் அணி கொடுத்ததோ ஏறத்தாழ 12 கோடியே 50 இலட்சம். அதன் சிறந்த துடுப்பாட்டக்காரரை முந்திய ஆண்டு முடிவில் நியூயோர்க் பணத்தால் கவர்ந்துகொண்டது. எஞ்சியோரையும், பிறர் மதிக்காது விட்டவர்களையும் கொண்டே ஓக்லண்ட் அவ்வாண்டு தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. ஊரார் அந்த ஏழ்மையைத் தம் ஏழ்மையாகவே ஏற்றுக்கொண்டனர். பின்னாளில் நிலை மாறிற்று. நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொருவராக விலைபோயினர். அணியையே லாஸ் வேகாஸ் நகருக்கு எடுத்துச் செல்வதில் முதலாளி முனைந்தார். 2023 ஜூன் 13ஆம் நாள் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர் அரங்கை நிரப்பி, "விற்றுவிடு" என்று எழுதிய பச்சைச் சட்டைகளை அணிந்து முழங்கினர். பயன் விளையவில்லை. 2024 செப்டம்பரில் அந்நகரத்தில் கடைசி ஆட்டம் நடந்தது. இப்பொழுது அவ்வணி சாக்ரமென்டோவில் தங்கி ஆடுகின்றது. பெயரில் ஊரே இல்லை. முதலாளி ஊரின் பெயரைத் திருப்பித் தந்துவிட்டார் என்று கொள்ளலாம். கடனைத் தீர்த்தார் என்று கொள்ள முடியாது.

ஒரே ஊரார், ஒரே அணி, இரு காலத்திலும் பணக்குறைவு. முன்பு பொறுத்தவர்கள் பின்பு ஏன் பொறுக்கவில்லை? இவ்வினாவின் விடையில்தான் இரசிகரின் உரிமை இன்னதென்று எனக்குத் தெளிவாகின்றது. வெற்றியை எவரும் கேட்கவில்லை. தோல்வி, ஏழ்மை, கணிப்புப் பிசகு ஆகிய மூன்றையும் அவர்கள் தாங்குவர். தெரிவு செய்பவன் எந்த நோக்கத்துக்காகத் தெரிவு செய்தானோ அந்நோக்கம் தங்களுடையதாகவும் இருக்கவேண்டும் என்பதையே கேட்டனர். வெல்வதற்காக ஒருவனை நீக்கினால் அதில் நாமும் பங்காளிகள். இலாபத்துக்காக நீக்கிவிட்டு வெல்வதற்காக என்று சொன்னால், அங்கே நாம் ஏமாற்றப்பட்டவர்கள். ஆகவே, காரணத்தைக் கேட்கும் உரிமை இரசிகருக்கு உண்டு. மெய்யான காரணத்தைக் கூறும் கடமை மறுபக்கத்துக்கு உண்டு.

காரணம் கூறாமையின் விளைவை நம் நாடு நன்கு அறியும். 2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பாயில் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு இலங்கை அணி நான்கு மாற்றங்களோடு இறங்கியது. அஞ்சலோ மத்தியூஸ் காயமுற்றிருந்தார். அதனை எவரும் விளங்கிக்கொள்வர். ரங்கன ஹேரத்தையும் அஜந்த மெண்டிஸையும் சாமர சில்வாவையும் நீக்கியது ஏன் என்பது ஊராருக்கு விளங்கும்படி எடுத்துரைக்கப்படவில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்ட நால்வருள் ஒருவரான சாமர கப்புகெதர கண்டித் தர்மராஜ கல்லூரியில் பயின்றவர். நம்மூரவர் இடம்பெற்றாரே என்று நானறிந்த கண்டி இரசிகர் எவரும் வாய்மூடி இருந்ததில்லை. அவர்களும் ஏன் என்றே கேட்டனர். இரசிகரின் முறைப்பாடு வெறும் ஊர்ப்பாசம் என்று கருதுவோர் இதனை மனங்கொள்வது நன்று. விடை இல்லாத அக்கேள்வி ஒன்பது ஆண்டுகள் கிடந்து நொதித்தது. 2020இல் முன்னாள் விளையாட்டு அமைச்சர் ஒருவர் அவ்வாட்டம் விற்கப்பட்டது என்று கூறினார். பொலிஸார் வீரர்களை அழைத்து விசாரித்து, ஆதாரம் எதுவுமில்லை என்று அடுத்த மாதமே கோவையை மூடினர். நேர்மையாக ஆடியவர்களின் மேல் சேறு விழுந்ததுதான் மிச்சம். அன்றே ஒரு பக்க விளக்கம் வெளிவந்திருந்தால் அச்சேற்றில் பெரும்பகுதி உலர்ந்திருக்கும்.

இனி, 2023ஆம் ஆண்டைச் சொல்லாமல் விட்டால் நான் வசதியானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டவன் ஆவேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தில் கண்டி அணி தம்புள்ளையை 5 விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அணித் தலைவர் வனிந்து ஹசரங்க காலியைச் சேர்ந்தவர். அவர் காயமுற்றிருந்தபடியால் அன்று தலைமை தாங்கிய அஞ்சலோ மத்தியூஸ் கொழும்பைச் சேர்ந்தவர். மறுநாள் என் மாணவர்கள் "நாம் வென்றுவிட்டோம்" என்று ஆரவாரித்தனர். அவர்களுள் தெல்தோட்டையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வருபவர்கள் இருந்தனர். அது உங்கள் அணியன்று, அதில் உங்களுக்கு ஒரு பங்குமில்லை என்று அவர்களிடம் சொல்லும் அறிவாளித்தனம் எனக்கில்லை. மகிழ்ச்சி மெய்யானது. மெய்யானதாக இருப்பதனாலேயே அதனைப் பெற்றுக்கொண்டவர் கடன்படுகின்றார்.

அக்கடனைத் தீர்ப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழாத்தில் இரண்டு இடங்களை மத்திய மாகாணப் பாடசாலைகளில் ஆடிவரும் இளைஞருக்கு ஒதுக்கலாம். எந்த மொழி பேசுபவர், எங்கே பிறந்தவர் என்று கேட்க வேண்டாம், இங்கே ஆடி உருவானவராக இருந்தால் போதும். பல்லேகலையில் பயிற்சி நடக்கும் நாட்களில் ஒரு நாளைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் திறந்து வைக்கலாம். யாரை எடுத்தோம், யாரை விட்டோம், ஏன் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி வெளியிடலாம்.

பத்தாம் வகுப்பில் முறைசார் கடிதம் எழுதும் பயிற்சிக்கு இவ்வாண்டு இதனையே பொருளாகக் கொடுத்தேன்: கண்டி அணியின் முகாமையாளருக்கு, தெரிவுக்கான காரணத்தைக் கேட்டு ஒரு கடிதம். பெரும்பாலோர் நன்றாகவே எழுதினர். சிலர் முகவரிக்கு இடமில்லாமல் தவித்தனர், ஏனெனில் இன்ன தெருவில் இன்ன இலக்கம் என்று எழுதுவதற்கு அவ்வணிக்கு இவ்வூரில் ஒரு கதவு இருப்பதாக அவர்கள் கண்டதில்லை. ஒரு மாணவி கடிதத்தை மூன்றே வாக்கியங்களில் முடித்திருந்தாள். 2024இல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது நம் நாட்டு மகளிர் அணி. அவ்வாறிருக்க, கண்டி என்ற பெயரில் பெண்களுக்கு ஓர் அணி ஏன் அமைக்கப்படவில்லை. காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகின்றேன். சந்திப்பிழை ஒன்றைத் திருத்தி, முழுப் புள்ளி இட்டுக் கொடுத்தேன்.